செய்யார் சுற்றிப் போன வழி

யாரோ ஒருவன் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு நெடுந்தூரம் போகிற படம் என்றால் எனக்கு உயிர். எங்கே போகிறான் என்பது முக்கியமில்லை. பாதி வழியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து தூரத்தைப் பார்ப்பான்; எழுந்திருக்கும்போது வேறு ஆளாகியிருப்பான். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ரெண்டு மணி நேரமா ரோட்டத்தான் காட்டிகினு இருக்காங்க. ஒரு போன் பண்ணிப் பேசியிருந்தா முடிஞ்சிருக்கும்" என்பாள். எனக்குக் கோபம் வரும்.

அவள் தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு தேசூருக்குப் போய் மூன்று வருடமாகிறது. அவள் அம்மா இறந்த பிறகு வீட்டில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை, அவள் போனையும் எடுக்கவில்லை. வீம்பு. பகலில் தறிச் சத்தத்தில் ஒன்றும் தெரியாது. ஒரு ஆளுக்கு மட்டும் சோறு வைக்கும்போதுதான் தெரியும். அரிசியை எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மிஞ்சுகிறது.

அமாவாசையன்று ஆரணியில் எங்கள் தெருவில் யாரும் தறியில் உட்காரமாட்டோம். போன அமாவாசைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன். சேத்துப்பட்டு வழியாகப் போனால் தேசூர் சீக்கிரம் வந்துவிடும். வந்துவிட்டால் என்ன பேசுவது? அதனால் செய்யார் சுற்றிப் போனேன். படத்தில் எவனும் குறுக்கு வழியில் போவதில்லை. வழி நீண்டால் மனசு இளகும் என்று நம்பினேன்.

செய்யாரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். தூரத்தைப் பார்க்கலாம் என்றால் எதிரே கம்பெனி பஸ் ஒன்று மறித்துக்கொண்டு நின்றது. இரண்டாவது டீயும் குடித்தேன். மனசு ஆரணியில் இருந்தபடியேதான் இருந்தது. எந்த முகத்தோடு அவள் வாசலில் போய் நிற்பது? வண்டியைத் திருப்பிவிட்டேன். வீடு வந்து சேரும்வரை என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் போன் அடித்தது. அவள்தான். மூன்று வருடத்தில் முதல் முறையாக எடுத்தேன்.

"எங்கப்பா இருக்க?"

"வீட்லதான்."



"காலைல செய்யார்ல அவரு கம்பெனி பஸ்ஸுல இருந்து உன்னப் பாத்தாராம். கூப்ட்டா கோவிச்சுக்குவன்னு பயந்துகினு எனக்குப் போன் பண்ணாரு. நீ இங்கதான் வர்றன்னு உனக்கும் சேத்து ஆக்கி வச்சேன்."

உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றேன்.

"நான் இன்னும் சாப்டலப்பா" என்றாள்.

வண்டிச் சாவியை எங்கே வைத்தேன் என்று தேடினேன். சேத்துப்பட்டு வழிதான் சீக்கிரம்.