சவரிநாதன் சேர்த்த இரண்டு வரி

காலை ஒன்பது மணிக்கு விழுப்புரத்தில் புதுச்சேரி பஸ் ஏறினேன். நாற்பது கிலோமீட்டர். மடியில் ஒரு பழைய ரஷ்ய நாவலின் தமிழாக்கம். அதை எழுதியவர் முடிக்காமலே இறந்துபோனார். கடைசிப் பக்கத்தில், வீட்டை விட்டுக் கிளம்பும் கணவனிடம் மனைவி பேச வாயெடுக்கிறாள். "நான்" என்ற சொல்லோடு கதை நின்றுவிடுகிறது. அவள் சபிக்க வந்தாள் என்பார்கள் சிலர். மன்னிக்க வந்தாள் என்பார்கள் வேறு சிலர்.

பிரெஞ்சு வழியாக அதைத் தமிழாக்கியவர் லாஸ்பேட்டை ஆசிரியர் சவரிநாதன். அச்சுக்குக் கொடுத்த கையோடு காலமாகிவிட்டார். பதிப்பகத்துக்காகச் சரிபார்த்தபோதுதான் கவனித்தேன்: அவருடைய தமிழில் மட்டும் அந்தப் பெண் பேசி முடித்திருந்தாள். மூலத்தில் இல்லாத இரண்டு வரி. இதை அவர் மனைவியிடம் போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புதுச்சேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். முகவரியைச் சொன்னதும், "பிரெஞ்சு வாத்தியார் முசியே வீடா? எம் பொண்ணுக்குப் பிரெஞ்சு சொல்லிக்குடுத்தவரு" என்றார் ஓட்டுநர். வாசலிலேயே இறக்கிவிட்டார்.

அவர் மனைவி அமலியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படித்தார்.

"நான் தடுக்கல. போறதுன்னா சாப்ட்டுட்டுப் போங்க."

கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "இது நான் சொன்னது" என்றார்.

கல்யாணமான மறுவருஷம் நடந்ததாம். "நான் வேலைக்குப் போவக் கூடாதுன்னு மாமியார் ஒரே சண்டை. இவரும் அவங்க பக்கம் பேசிட்டு, பாரீசுல அண்ணங்கிட்டப் போறேன்னு பெட்டியத் தூக்கிட்டாரு. அப்பதான் இப்டிச் சொன்னேன். சாப்பிட உக்காந்தாரு. அப்புறம் போவல. அதப்பத்தி நாங்க பேசினதே இல்லம்மா. மறந்துட்டாருன்னு நெனச்சேன்."

"அப்படியே விட்டுடலாமா? யாருக்கும் தெரியாது" என்றேன். உண்மையாகவே விட்டுவிடத் தோன்றியது.

வேண்டாமென்று தலையசைத்தார். "அந்த ரஷ்யாக்காரி கோவமா இருந்தாளோ என்னவோ. எஞ் சோத்தப் போட்டு அவ வாய அடைக்கக் கூடாது." பேனாவை வாங்கி, "நான்" என்பதை மட்டும் விட்டுவிட்டு இரண்டு வரியையும் தானே அடித்தார்.

"முன்னுரையில் சொல்லலாமா?"

"புஸ்தகத்துல வேணாம். நீ தனியா எழுதிக்கோ. எங்க பேர மட்டும் மாத்திடு."

மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிடவைத்துத்தான் அனுப்பினார். மூன்று மணிக்கு நான் கிளம்பியபோது கேட் வரை கூடவே வந்தார்.

"எழுதறப்ப அவருக்கு என் ஞாபகம் வந்திருக்குமா, இல்ல கை தானா எழுதிருக்குமா?"

"வந்திருக்கும்மா" என்றேன்.

"உனக்கு எப்டித் தெரியும்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். திண்டிவனம் சாலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸை எதிர்பார்த்து நின்றபோதும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.