ஷானன் ஆற்றின் அந்தக் கரை

ஒரே நாளில் இரண்டு தடவை நிறைந்து இரண்டு தடவை வடிகிற ஆற்றை நான் அயர்லாந்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். ஷானன் ஆறு லிமெரிக் ஊருக்குள் வரும்போது கடல் அதற்கு எதிரே ஏறி வந்துவிடும். காலையில் கரை முட்டத் தளும்பிக்கொண்டிருக்கும். மத்தியானம் போய்ப் பார்த்தால் பாறையெல்லாம் வெளியே தெரியும். ஈரோட்டில் பிறந்தவளுக்கு ஆறு என்றால் ஒரு பக்கமாகத்தான் ஓட வேண்டும். "ஏனுங்க, இது போகுதா வருதா?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டுச் சிரித்திருக்கிறேன். கல்யாணமாகி நாங்கள் முதலில் குடித்தனம் போட்ட ஊர் அதுதான். அமெரிக்கா எல்லாம் அதற்குப் பிறகு.

அவருக்கு அப்போது ஒரு வியாதி இருந்தது. ஆற்றங்கரையில் எந்தத் தகவல் பலகையைப் பார்த்தாலும் நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படிப்பார். வடக்கிலிருந்து வந்த கொள்ளைக்காரர்கள் இந்த ஆற்றில்தான் படகு ஏறி வந்தார்களாம். இந்தக் கோட்டையை இன்ன ராஜா கட்டினானாம். கோட்டைக்கு எதிர்க்கரையில் ஒரு கல்லை மேடை மேல் தூக்கி வைத்திருக்கிறார்கள்; அதன் மேல் வைத்துத்தான் சமாதான ஒப்பந்தம் எழுதினார்களாம், எழுதிய மை காய்வதற்குள் மீறினார்களாம். ஆற்றோடு மேலே போனால் துறவிகள் இருந்த மடங்கள், கூரை போன சர்ச்சுகள், உருண்டையான கல் கோபுரங்கள். சனிக்கிழமை தவறாமல் என்னை அங்கெல்லாம் இழுத்துக்கொண்டு போவார். குளிரில் எனக்குப் பல் தந்தியடிக்கும். "கோட்டையைக் கட்டுனவனே இவ்வளவு நேரம் நின்னிருக்க மாட்டான், வாங்க போலாம்" என்பேன். வயிற்றில் பிள்ளை இருந்த மாதங்களில்கூட இந்த நடை நிற்கவில்லை.

ஏழாம் மாதம் வலி வந்தது. பெண் குழந்தை. எனக்கு ஆபரேஷன், அதன்மேல் காய்ச்சல். குழந்தையை வைத்த கண்ணாடிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஒரு கையை மட்டும் பார்த்தேன். நல்ல நீள விரல்கள், அவர் பக்கத்து விரல்கள். நான் மறுபடி கண்ணைத் திறந்தபோது பிள்ளை போய்விட்டிருந்தது.

ஊரிலிருந்து மாமியார் போனில் அழுதுகொண்டே சொன்னது எனக்குக் கேட்டது. "எரிக்கக் கூடாது சாமி. ஆத்தோரமாப் பொதச்சுடு. பெத்தவ அந்தப் பக்கமே போகக் கூடாது. நீயும் திரும்பிப் பார்க்காம வந்துரு." அவர் போய்விட்டு வந்தார். பல நாள் கழித்துப் பாலத்தில் நடக்கும்போது, நான் கேட்காமலேயே, எதிர்க்கரையில் பழைய சர்ச்சை ஒட்டியிருந்த கல்லறைப் பக்கம் கையைக் காட்டினார். "அங்கதான்" என்றார்.

பெரியவர்கள் போனால் வருஷா வருஷம் திதி உண்டு, படத்துக்கு மாலை உண்டு, வடை பாயசம்கூட உண்டு. பச்சைப் பிள்ளைக்கு ஒன்றும் கிடையாது. அழுவதற்கென்று ஒரு நாளைக்கூட நம் ஆட்கள் ஒதுக்கி வைக்கவில்லை. நானும் சொன்னபடி கேட்டேன், முட்டாள் மாதிரி. அந்தக் கரைக்குப் போகவே இல்லை. பாலத்தில் நின்று பார்ப்பேன், அவ்வளவுதான். தண்ணீர் ஏறும்போது, ஐயோ, அவ்வளவு பக்கத்தில் வருகிறதே என்று இருக்கும். அவர் பலகை படிப்பதை நிறுத்திவிட்டார்.

பிறகு ஜெர்சி சிட்டி. அவருக்கு ஒரு வங்கியில் கான்ட்ராக்ட் வேலை. இங்கே இன்னொரு பெண் பிறந்தாள், தமிழில் திட்டினால் இங்கிலீஷில் பதில் சொல்கிற வயது இப்போது. அயர்லாந்துக்கு ஒரு தடவை போகலாம் என்று எப்போது வாயெடுத்தாலும் அவர் ஒரே பாட்டுதான் பாடுவார். "வெளிய போனா விசா ஸ்டாம்பிங்ல மாட்டிக்குவோம். கிரீன் கார்டு வரட்டும்." நானும் நம்பினேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கரையில் ஒருமுறை நின்று, இங்கேதான் என் பிள்ளை இருக்கிறது என்று மண்ணைத் தொட வேண்டும். வழக்கமாவது மண்ணாவது, நாற்பதைத் தாண்டியவளை யார் என்ன செய்துவிட முடியும்?

போன வருஷம் கிரீன் கார்டு வந்தது. லிமெரிக் பக்கத்தில் இருக்கிற ஷானன் விமான நிலையத்துக்கு டிக்கெட் பார்த்தேன். "இந்தியா போலாமே, அம்மாவுக்கு முடியல" என்றார். இந்தியாவுக்கும் போகலாம், முதலில் இது என்றேன். "அங்க போய் என்ன பண்ணப் போற?" என்றாரே பார்க்கலாம்! கையில் இருந்த தோசைக் கரண்டியைத் தொட்டியில் வீசினேன். மூன்று பேர் இருக்கிற வீட்டில் ஒரு வாரம் பேச்சே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரையும் கிளப்பிக்கொண்டு ஜர்னல் ஸ்கொயரில் ரயில் ஏறினேன். மன்ஹாட்டனில், ஹட்சன் ஆற்றை ஒட்டி, அயர்லாந்துப் பஞ்சத்துக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. அந்த ஊர் வீடு ஒன்றைக் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து, அந்த ஊர்ப் புல்லும் செடியும் வைத்து, ஒரு சின்ன மேடாகவே கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் ஒரு கல், அதன் மேல் மாவட்டத்தின் பெயர். வேலை விட்டு வரும்போது நான் பல தடவை தனியாக அங்கே போயிருக்கிறேன். லிமெரிக் கல்லைத் தொட்டுவிட்டு ரயில் பிடிப்பேன். அவரிடம் சொன்னதில்லை.

மகள் மேலே ஏறிப் போட்டோ எடுக்கப் போய்விட்டாள். அவரைக் கையைப் பிடித்து அந்தக் கல்லின் முன்னால் நிறுத்தினேன். "அந்த மண்ணு இங்க வரைக்கும் வந்திருச்சு. நாம அங்க போக முடியாதாங்க? எந்த இடம்னு மட்டும் சொல்லுங்க, நான் தனியாப் போயிட்டு வர்றேன்."

அவர் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். ஆள் ஆறடி, நடுவழியில் நின்று அழுகிறார்.

"ஆத்தங்கரைல இல்ல கண்ணு" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அந்த ஊர்ல ஆத்தங்கரைல எல்லாம் இப்பப் பொதைக்க விட மாட்டாங்க, நான் காட்டுனது பழைய காலத்துக் கல்லறை. ஆஸ்பத்திரிக்காரங்களுக்குன்னே ஊருக்கு மேல, மேட்டுல ஒரு இடம் இருக்கு, இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு. அங்கதான் வெச்சோம். அம்மா ஆத்தோரம்னு சொன்னாங்க. ஆமான்னுட்டேன். உங்கிட்டயும் அதையே சொல்லிட்டேன்."

எத்தனை சாயங்காலம் அந்தப் பாலத்தில் நின்றிருப்பேன்! எவனுடைய பாட்டன் முப்பாட்டன் கல்லறைக்கோ என் கண்ணீரெல்லாம் போயிருக்கிறது. என் பிள்ளை ஊருக்கு மேலே, ஆறே கண்ணில் படாத ஓர் இடத்தில் தனியாகக் கிடந்திருக்கிறது. "உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?" என்று கத்தினேன். கேமராவும் கையுமாக நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"எப்பச் சொல்றதுன்னு தெரியல. நீ ஒவ்வொரு தடவை அந்தக் கரையைப் பார்க்கறப்பவும் சொல்லணும்னு நெனப்பேன். அங்க ஒரு பொதுக் கல்லு இருக்கு. எல்லாப் பிள்ளைங்க பேரும் அதுல செதுக்கியிருக்காங்க."

"நம்ம பிள்ளைக்குத்தான் பேரே வைக்கலியே?"

எங்களில் தொட்டில் போட்டு, சொந்தபந்தம் கூடித்தான் பெயர் வைப்பார்கள். அதுவரைக்கும் பாப்பாதான்.

"நர்ஸம்மா கேட்டாங்க. பேர் இல்லன்னு சொல்ல வாய் வரல" என்றார். பிறகு அந்தப் பெயரைச் சொன்னார். நல்ல பெயர். சுமந்தவளைக் கேட்காமல், ஜாதகம் பார்க்காமல், குளிரில் நின்றுகொண்டு ஒரு மனுஷன் தனியாக வைத்த பெயர். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கல்லில் சாய்ந்துகொண்டேன்.

"காதுல சொன்னீங்களா?" என்று கேட்டேன். பெயர் வைத்தால் பிள்ளையின் காதில் மூன்று முறை சொல்ல வேண்டும், அது வழக்கம்.

"சொன்னேன். மூணு தடவையும் சொன்னேன்."

"அப்ப உசுரு இருந்துச்சா?"

இல்லை என்று தலையை ஆட்டினார்.

மகள் கீழே இறங்கி வந்து எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். "அம்மா, ஆர் யூ ஓகே?" என்றாள். அவர்தான் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு, உனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்று தமிழிலேயே சொல்ல ஆரம்பித்தார்.

மே மாதம் அயர்லாந்து போக மூன்று டிக்கெட் போட்டாயிற்று. அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். பெற்றவள் நான் இன்னும் ஒரு தடவைகூட அவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.