சுறாக்குட்டியும் கரிச்சான் குஞ்சும்

தெப்ராவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது எங்கள் முதல் குழந்தை பிறந்தது. மனைவிக்குப் பால் போதவில்லை. குழந்தை அழுது அழுது குரல் கம்மிப்போயிற்று. பசும்பால் கிடைத்தது, அவள்தான் சம்மதிக்கவில்லை. பெற்றவளுக்குப் பாலில்லை என்று தொழிலாளர் குடியிருக்கும் லயமெல்லாம் பேசுமே என்று குமைந்தாள். நானோ குழந்தையின் விலா எலும்புகளை விரலால் எண்ணி எண்ணிக் கவலைப்பட்டேன்.

"சுறாப்புட்டு செஞ்சு குடு தம்பி, பால் தானா ஊறும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

கடற்கரைக்குப் போய் ஒரு மலாய்க்காரரிடம் சுறா வாங்கி வந்தேன். அக்கா அதன் வயிற்றைக் கீறினார். உள்ளே ஐந்து குட்டிகள், முழு உருவத்தோடு.

"ஐயோ, புள்ளத்தாச்சி!" என்றாள் மனைவி. "இதுங்களுக்குப் பால் யாருங்க குடுப்பா?"

"யாரும் குடுக்க மாட்டாங்க. பல்லோடயே பொறக்கும். பொறந்ததும் தாய் ஒரு பக்கம், குட்டி ஒரு பக்கம்" என்றேன்.

அக்கா செய்து தந்த புட்டை அவள் தொடவேயில்லை.

"நல்லா பாடம் நடத்துனே, போ!" என்று அக்கா என்னைத்தான் திட்டினார்.

மறுநாள் காலை கூரைமேல் கரிச்சான் குருவி பாடியது. வழக்கமாக அந்தச் சத்தத்துக்குக் குழந்தை விழித்து அழும். அன்று அழவில்லை. ஓடிப்போய் மூக்கருகே விரல் வைத்தேன்; மூச்சு இருந்தது, அழத்தான் தெம்பில்லை. மனைவி சன்னலோரம் உட்கார்ந்து இறவாரத்துக் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று குஞ்சுகள், உடம்பில் இறகில்லை, வாய்தான் பெரிது. தாய் ஒரு புழு கொண்டுவந்தது. பாட்டை நிறுத்திவிட்டு ஆண் குருவியும் ஒன்று கொண்டுவந்தது.

"என்னங்க, குருவிக்குப் பால் உண்டா?"

"கிடையாது."

"ஆனா சுறா மாதிரி விட்டுட்டுப் போகலையே."

எழுந்து குழந்தையை மடியில் எடுத்துக்கொண்டாள். பிறகு, "பசும்பால் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

காய்ச்சி ஆற்றிய பாலைப் பாலாடையில் ஊற்றி என் கையில் கொடுத்தாள். "நீங்க குடுங்க. ஆம்பளக் குருவியும்தானே ஊட்டுது?"

புரையேறுமோ என்ற பயத்தில் பாதி என் வேட்டியில்தான் கொட்டியது. வாசலில் வந்து நின்ற அக்கா கூவினார்: "அலமாக்! நம்ம கிராணிக்குப் பால் ஊறிருச்சு டோய்!"

லயம்வரை கேட்டிருக்கும். மனைவி முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை. குழந்தை பிறந்தபின் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். குழந்தை ஒரு மிடறு விழுங்கிற்று. அடுத்ததற்கு வாயைத் திறந்தது.