நான் முட்டை போட்ட ஆட்டம்

பதினோரு வயதில் நான் நடுவராக இருந்தேன். பேச்சுப் போட்டிக்கும் இல்லை, கோலப் போட்டிக்கும் இல்லை. கணினி ஆட்டங்களுக்கு. அதிலும், யாரும் ஆடி முடித்துவிடக் கூடாது என்ற ஒரே எண்ணத்தோடு செய்யப்பட்ட ஆட்டங்களுக்கு.

தொப்பி வைத்த ஒரு குட்டிப் பையன் படிக்குப் படி தாவிப் போவான். கீழே முள், மேலே முள், பக்கத்தில் முள். எதைத் தொட்டாலும் செத்தான். செத்தால் முதலிலிருந்தோ, கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்தோ ஆரம்பிக்க வேண்டும். இப்படிப்பட்ட பழைய ஆட்டம் ஒன்றின் மீது பைத்தியமாகிப்போன ரசிகர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். அதை ஆடிச் சலித்ததும், அதைவிடக் கொடுமையாகத் தாங்களே ஒன்றைச் செய்து இணையத்தில் இலவசமாகப் போடுவார்கள். மற்றவர்கள் அதை ஆடிச் செத்து, செய்தவனைத் திட்டித் தீர்த்துவிட்டு, பிறகு தாங்களும் ஒன்றைச் செய்யக் கிளம்புவார்கள். ஆண்டுக்கொரு முறை இவர்களுக்குள் போட்டி வேறு நடக்கும். "செத்துச் செத்துப் பொழைக்கிறதுல என்ன லா வெளையாட்டு?" என்று அப்பா எங்கள் மலேசிய 'லா' போட்டுக் கேட்பார். 

இந்தக் கிறுக்கை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அண்ணன். கூடப்பிறந்தவர் இல்லை, பெரியம்மாவின் மகன். பட்டர்வொர்த்திலிருந்து தினமும் கடல் தாண்டி கெலுகோர் பல்கலைக்கழகத்துக்கு வந்து போக முடியாது என்று ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டில் தங்கிப் படித்தார். ஹாலில் ஜன்னலோரமாக அவருடைய மேசை. மேசைமேல் கணினி, மேசைக்கடியில் சுருட்டிவைத்த மெத்தை. அவருடைய உலகம் அவ்வளவுதான்.

அவருக்கு ஆட்டங்கள் மேல் இருந்த ஆசை அளவுக்கு விரல்களில் வேகம் இல்லை. முதல் முள்ளைத் தாண்டுவதற்குள் அவருக்கு வியர்த்துவிடும். ஒருநாள் பள்ளி விட்டு வந்த நான், சீருடையைக்கூட மாற்றாமல், "தள்ளுங்கண்ணே" என்று உட்கார்ந்து, அவர் ஒரு வாரமாகச் செத்துக்கொண்டிருந்த இடத்தைத் தாண்டிக் காட்டினேன். அன்றிலிருந்து நாற்காலி என்னுடையதானது. பக்கத்தில் பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டுப் பாடப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஆடுவதைப் பதிவு செய்து இணையத்தில் போடுவார். அதைப் பார்த்த அந்த ரசிகர் கூட்டத்தில் யாரோ, இந்தச் சிறுமி நடுவராக வருவாளா என்று கேட்டுவிட்டார்கள்.

அதற்கு மேல் என் தலைக்கனத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளியில் தோழிகளிடம், "எனக்கு இந்த லீவுல ஜட்ஜ் வேல இருக்கு" என்று சொல்லி வைத்திருந்தேன்.

நடுவர்களுக்குக் கடுமையான விதிகள் இருந்தன. ஆட்டத்தை முடித்த பிறகுதான் மதிப்பெண் போடலாம். முடித்ததற்கு ஒளிப்பதிவு அனுப்ப வேண்டும். முடிவு வரும்வரை எந்த ஆட்டத்தை யார் செய்தார்கள் என்று நடுவர்களுக்குத் தெரியக் கூடாது. என் கருத்துகளை அண்ணன் ஆங்கிலத்தில் தட்டித் தருவார். என் கோபத்தைத் தாங்கும் அளவுக்கு என் ஆங்கிலம் அப்போது வளர்ந்திருக்கவில்லை.

ஆண்டிறுதி விடுமுறையில் என் பங்குக்கு வந்த ஆட்டங்களை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே வந்தேன். பெரிய சிரமமில்லை. கடைசியாக மிஞ்சிய ஒன்றுதான் என் விடுமுறையைத் தின்றது.

தொடங்கிய உடனே பொத்தானை அழுத்திக்கொண்டு ஓடினேன். தரை பிளந்தது. செத்தேன். மறுபடி தொடங்கி, பிளவைத் தாண்டி அடுத்த படியில் இறங்கினேன். எந்தப் படியில் இறங்கினாலும் வெற்றிக்களிப்பில் ஒருமுறை சும்மா துள்ளுவது என் வழக்கம். துள்ளினேன். மேலிருந்து, பலாப்பழம் போல முள் முளைத்த ஒரு டுரியான் பழம் சரியாகத் தலையில் விழுந்தது. ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் கம்பத்தை வேகத்தில் தாண்டிப்போய் பிறகு திரும்பி வருவதும் என் வழக்கம். திரும்பிய இடத்தில் முள் முளைத்தது.

"அலாமாக்! இவன் என்ன மனுஷனாண்ணே?" என்று கத்தினேன்.

அண்ணன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"டுரியான் போட்டிருக்கான். மலேசியாக்காரனாத்தான் இருக்கணும்" என்றேன்.

"தாய்லாந்துலயும் டுரியான் இருக்கு லா, பாப்பா" என்றார்.

வழக்கமாக நான் மாட்டிக்கொண்டால் எதையாவது சொல்லித் தருவார். இம்முறை கேட்டபோது, "நீதான் ஜட்ஜ். நான் சொல்லக் கூடாது" என்று முடித்துவிட்டார். பரீட்சைக் கவலை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

நாட்கள் போயின. தோழிகள் கடலோரம் பட்டம் விடப் போனார்கள். பெரியம்மா பட்டர்வொர்த்துக்கு வரச் சொல்லித் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் டுரியான் பழத்தால் அடிபட்டுச் செத்துக்கொண்டிருந்தேன். கனவில்கூட ஒரு கம்பத்தைத் தாண்டிப்போய்த் திரும்பினேன். கோபத்தில் நான் பொத்தான்களை அடித்த அடியில் கீழ்வீட்டுச் சீனப் பாட்டி மேலே வந்து, வீட்டில் தச்சு வேலை நடக்கிறதா என்று மலாயில் கேட்டார். அம்மா அவரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு பேரும் பசியாறவும் வர்றதில்ல, குளிக்கவும் வர்றதில்ல. அந்தக் கீபோர்ட ஒடச்சுக் குப்பையில போட்டாத்தான் இந்த வீடு உருப்படும்."

"அதுல என்னைய ஏன் சித்தி சேக்கிறீங்க? நான் படிச்சுக்கிட்டுதான் இருக்கேன்" என்றார் அண்ணன். அவர் மடியில் இருந்த புத்தகத்தில் பல நாட்களாக ஒரே பக்கம் திறந்திருந்தது.

எனக்கு உண்மையான எரிச்சல் எது என்றால், அந்த ஆட்டத்தில் வேகம் எடுபடவில்லை. நான் எங்கே அவசரப்படுவேனோ அங்கே பள்ளம். எங்கே மூச்சு விடுவேனோ அங்கே பழம். பொறியில் விழுந்த பிறகு, அடுத்த முறை அங்கே விழக் கூடாது என்று மனம் சொல்லும். விரல் கேட்காது. பழகிய விரல் பழகியதைத்தான் செய்யும். என் விரல்கள் மீது எனக்கே வெறுப்பு வந்தது.

ஒருவழியாகக் கடைசிக் கதவு வரை போனேன். முள் இல்லை, பழம் இல்லை. நேராக ஒரு கதவு, அவ்வளவுதான். ஆட்டத்தின் கதவுக்குள் தாவிக் குதித்து நுழைவதுதான் என் பாணி. குதித்தேன். கதவு பின்னால் நகர்ந்தது. தரை விலகி, பையன் ஆரம்பத்திலேயே போய் விழுந்தான்.

நான் அழுதேன். சும்மா கண் கலங்கவில்லை, தரையில் உட்கார்ந்து காலை உதைத்து அழுதேன். அண்ணன் முக்காலியிலிருந்து எழுந்து, நான் பார்க்காத பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது. எனக்காக அவரும் அழுகிறார் என்று நினைத்தேன்.

மீண்டும் முழுக்க ஏறி வந்து அதே கதவுக்கு முன் நின்ற மதியம், அம்மா பொறுமையிழந்து சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "சோத்துல கைய வச்சு ஒரு வாய் சாப்பிட்டுட்டு அப்புறம் சாவு" என்றார். வேறு வழியில்லை. வலது கையால் மீன் குழம்புச் சோற்றைப் பிசைந்தேன். மிஞ்சிய இடது கையை நீட்டி, எரிச்சலோடு அம்புக்குறிப் பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தேன். குதிக்கும் பொத்தானுக்குக் கை இல்லை. தொப்பிப் பையன் மெதுவாக, யாரோ கடைக்குப் போவதுபோல, நடந்து கதவுக்குள் போனான்.

ஆட்டம் முடிந்தது.

"நடந்துட்ட லா!" என்று அண்ணன் கத்தினார். "பாப்பா, நடந்துட்ட!"

"நடந்தா போதுமா? இவ்வளவு நாளா நடந்தா போதுமா?" என்று நான் அவரைவிட உரக்கக் கத்தினேன். வாயிலிருந்த சோறு திரையில் தெறித்தது.

கை கழுவிய கையோடு தீர்ப்பு சொல்ல உட்கார்ந்தேன். கடினத்துக்கு முழு மதிப்பெண். ரசித்து ஆடுவதற்கு முட்டை.

"முட்டையேவா? ஒரு ஒண்ணாவது போடலாமே" என்றார் அண்ணன்.

"முட்டை. எழுதுங்க. இதச் செஞ்சவனுக்குத் தங்கச்சி தம்பி யாரும் இருக்கமாட்டாங்க. இருந்திருந்தா இப்படிச் செஞ்சிருக்கமாட்டான்."

அண்ணன் தட்டினார்.

"இவன் ஆட்டம் செய்யல. பழிவாங்கியிருக்கான்."

அதையும் தட்டினார். எனக்கு நம்பிக்கையில்லை. எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்தேன். நான் சொன்னதில் ஒன்றையும் அவர் குறைக்கவில்லை. "இன்னும் ஏதாச்சும் இருக்கா?" என்று அமைதியாகக் கேட்டார். இல்லை என்றதும் அனுப்பினார்.

பள்ளி திறப்பதற்குச் சில நாள் இருக்கும்போது முடிவு வந்தது. அம்மா ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் பட்டியலைக் கடைசியிலிருந்து பார்த்தேன், அந்தக் கொடியவன் அங்கேதான் இருக்க வேண்டும் என்று. இருந்தான். ஆட்டத்தின் பெயருக்குக் கீழே செய்தவரின் புனைபெயர் போட்டிருந்தது. என் ஒளிப்பதிவுகளைப் போடும்போது அண்ணன் வைத்துக்கொள்ளும் அதே பெயர்.

"நீங்களா?" என்றேன். "பக்கத்துலயே ஒக்காந்துக்கிட்டு, நீங்களா?"

"ஜட்ஜ்கிட்ட சொல்லக் கூடாதுன்னு ரூல் லா."

அவர் மீது பாய்வதற்கு முன்பு மற்ற நடுவர்களின் கருத்துகள் கண்ணில் பட்டன. அங்கேதான் எனக்கு இன்னும் பெரிய அடி காத்திருந்தது. ஒருவர் காலையில் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டாராம். பழங்கள் யாரும் நிற்காத இடங்களில் விழுகின்றன என்று இன்னொருவர் எழுதியிருந்தார். கடைசிக் கதவில் தந்திரம் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. எல்லோரும் நடந்துதான் நுழைந்திருந்தார்கள். இந்த ஆட்டம் யாருக்காகச் செய்யப்பட்டது என்று புரியவில்லை என்று முடித்திருந்தார் மற்றொருவர். கடினத்துக்கு முழு மதிப்பெண் போட்ட ஒரே நடுவர் நான். என் பொத்தான்கள் பழுதாகிவிட்டனவா என்று யாரோ விசாரித்திருந்தார்கள்.

"எல்லாருக்கும் ஈஸி! நான் மட்டும்தான் செத்துச் செத்து வந்தேன்! ஏண்ணே எல்லாருக்கும் கஷ்டமா செய்யல?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். "எல்லாரும் எப்படிக் குதிப்பாங்கன்னு எனக்கு எப்படி லா தெரியும்? நான் பாத்தது உன்னைய மட்டும்தானே."

அம்மா துணியை மடியில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "அப்போ ஒங்கப்பாகிட்டப் பேசப் போறேன்னியே, அது?"

"முதல் மூணுல வந்தா, இந்த மாதிரி ஆட்டம் செய்யிற வேலைக்கே போறேன்னு அப்பாகிட்டச் சொல்லலாம்னு இருந்தேன் சித்தி. கடைசியில வந்துட்டு என்னத்தப் பேசுறது? படிப்ப முடிச்சுட்டு அவரு சொல்ற ஃபேக்டரிக்கே போறேன்."

அவர் குரலில் வருத்தம் இருந்ததா என்று நான் கவனிக்கவில்லை. எனக்கு என் மானம்தான் பெரிதாக இருந்தது. இருந்தாலும் நடுவர் என்ற முறையில் வழி சொன்னேன். இப்போதும் கெட்டுப்போகவில்லை, பழங்கள் விழும் இடங்களை மாற்றலாம், எல்லார் தலையிலும் விழுகிற மாதிரி செய்து அடுத்த ஆண்டு அனுப்பலாம். எங்கே எங்கே என்று நானே காட்டுகிறேன்.

அண்ணன் அந்த ஆட்டத்தைத் திறந்தார். முதல் டுரியான் விழும் இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மூடினார்.

"வேணாம் பாப்பா. இது இப்படியே இருக்கட்டும்."

"தோத்துப்போன ஆட்டம் லா அண்ணே!"

"உனக்குக் கஷ்டமா இருந்துச்சில்ல?"

"இருந்துச்சு!"

"சரி, அது போதும்" என்று சொல்லிச் சிரித்தார். கேலி செய்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதன்பிறகு எத்தனையோ பேர் செய்த ஆட்டங்களை ஆடிவிட்டேன், இதைவிடக் கொடூரமானவை பல. எதிலும் ஒரு முள்கூட, நான் எங்கே இறங்குவேன், இறங்கியதும் எப்படித் துள்ளுவேன் என்று தெரிந்துகொண்டு காத்திருந்ததில்லை. ஆனால் அன்று எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான். அண்ணனுக்கு ஆட்டம் செய்யத் தெரியவில்லை. அதை அம்மாவிடம் சத்தமாகவே சொன்னேன். அம்மா மடித்த துணிகளை என் கைகளில் அடுக்கி, உள்ளே கொண்டுபோய் வைக்கச் சொன்னார்.