புதன்கிழமை நோயாளி

"தண்ணி எப்படி இருக்கு தாத்தா?"

போன வாரம் ஒரு பெண் என்னிடம் கேட்ட கேள்வி இது.

எனக்கு மலேரியா. மகன் என்னை ஒரு நர்ஸிங் ஹோமில் சேர்த்துவிட்டு, ஆபீசுக்கு நேரமாகிறது என்று ஆட்டோ பிடித்துப் போய்விட்டான். ஜுரம் இறங்குவதற்காக ஈரத்துணியால் உடம்பைத் துடைக்க வந்தவள், துணியை என் முழங்கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

சாதாரணக் கேள்விதான். சூடு, ஜில்லு, சரி... ஏதாவது ஒன்றைச் சொன்னால் முடிந்தது. சர்வீஸ் முழுவதும் பார்லிமெண்ட் கேள்விகளுக்குப் பதில் தயாரித்துக் கொடுத்தவன் நான். இதற்கு வாய் வரவில்லை.

ஏன்?

சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஸ்வெட்டர் பேரத்தில் தோற்றது, பஸ்ஸில் அடுத்தவர் குடையை எடுத்து வந்தது என்று என் அசட்டுத்தனங்களை என் பழைய கட்டுரைகளில் படித்துச் சிரித்திருப்பீர்கள். இது அசட்டுத்தனம் இல்லை. இதற்கு வேறு பெயர்.

மனைவி போன பிறகு, டில்லி கிட்வாய் நகரில் மகனுக்கு ஒதுக்கிய குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். மகன், மருமகள் இருவருக்கும் உத்தியோகம். நல்லவர்கள். காலையில் "சாப்பிட்டாச்சாப்பா?" மாலையில் "சாப்பிட்டாச்சாப்பா?" குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன் — உங்களை இன்னொரு மனிதர் தொட்டு எவ்வளவு நாளாயிற்று என்று எப்போதாவது யோசித்ததுண்டா? என் விஷயத்தில், முடி வெட்டுகிறவர் மாதம் ஒரு தடவை தலையைத் தொடுவார். அவரும் ஜல்தியில் இருப்பார்.

அந்த நிலைமையில்தான் எங்கள் காலனிக்கு ஓர் ஆயா பயிற்சி வகுப்பு வந்தது.

ஒரு தொழிற்கல்விக் கல்லூரியும் இதே நர்ஸிங் ஹோமும் சேர்ந்து ஆரம்பித்தது. வெளியூர் ஆயாக்கள் ஹோலிக்கு ஊருக்குப் போனால் திரும்பி வருவதில்லையாம். அதனால் பக்கத்து ஜுக்கிக் குடிசைகளில் இருக்கும் பெண்களையே பழக்கிவிடலாம் என்று ஏற்பாடு. பாடம் கல்லூரியின் பொறுப்பு. கட்டிலும் சிஸ்டரும் நர்ஸிங் ஹோமின் பொறுப்பு. பரீட்சையில் தேறினால் அங்கேயே வேலை.

எல்லாம் இருந்தது. நோயாளிதான் இல்லை. பழகுவதற்கான பொம்மை விலை அதிகமாம். ஆகவே, புதன்கிழமை தோறும் கட்டிலில் படுத்துக்கிடக்க ஆள் வேண்டும் என்றார்கள். ரிட்டயரான மனிதனுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் உண்டா? முதல் ஆளாகப் போய் நின்றேன்.

எனக்கு வாய்த்தவள் அஞ்சலை. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் குடும்பம், ஆனால் அவள் பிறந்தது இங்கே ஜுக்கியில். அப்பா கட்டட வேலை. அம்மா வீட்டு வேலை. முதல் நாளே அதட்டினாள்.

"தாத்தா, பேஷண்ட் தானா திரும்பக் கூடாது. நான்தான் திருப்புவேன்."

"எனக்கே திரும்பத் தெரியுமேம்மா."

"அச்சா? அப்ப எதுக்கு வந்தீங்க? எழுந்து வீட்டுக்குப் போங்க."

போவேனா? மரக்கட்டை மாதிரி கிடந்தேன். தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை வைத்து என்னைப் புரட்டினாள். முகம் துடைத்தாள். கால் விரல்களுக்கு நடுவில்கூடத் துடைத்தாள். கடைசியில் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து வாய்க்குள் எண்ணுவாள். எண்ணி முடித்ததும் ஒவ்வொரு வாரமும் ஒரே தீர்ப்புதான்.

"இருக்கீங்க தாத்தா. கவலப்படாதீங்க."

ஒரு வாரம் முழுவதும் அந்த வார்த்தையோடு ஓடிவிடும்.

சொல்லிக் கொடுத்தவர் சிஸ்டர் ஏலியம்மா. கோட்டயத்துக்காரர், கண்டிப்பு ஜாஸ்தி. அவருடைய முதல் பாடம் இன்னும் காதில் இருக்கிறது. "பேஷண்ட் குளிருதுன்னு சொன்னா குளிருது. நீ என்ன நினைக்கிறேங்கறது வேண்டாம். பேஷண்ட் சொல்றதுதான் கணக்கு."

நல்ல பாடம். அதை நான் எதற்குப் பயன்படுத்தினேன் என்பதுதான் விஷயம்.

ஜனவரியில் பரீட்சை வந்தது. அதற்கு முந்தின வாரம் சிஸ்டர் எல்லோரிடமும் சொன்னார்: எல்லாப் பெண்களும் தேறிவிட்டால் இந்த இடத்தில் வகுப்பு முடிந்தது, அடுத்தது வேறு காலனி. யாராவது தேறாமல் நின்றுபோனால் அவர்களுக்காக இன்னும் மூன்று மாதம் இங்கேயே நடக்கும்.

அஞ்சலைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "பாஸாயிட்டா வெள்ளப் பொடவ தாத்தா! இல்லன்னா உங்க மாடி வீட்டு பீபீஜி கிட்டப் பாத்திரம் தேய்க்கணும். அம்மா இப்பவே பேசி வச்சிருக்கு."

பரீட்சை அன்று அவள் ஒரு தவறும் செய்யவில்லை. என்னைப் புரட்டினாள், விரிப்பை மாற்றினாள். தண்ணீரைத் தன் மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் கலந்தாள். டில்லிக் குளிரில் அந்தத் துணி முகத்தில் பட்டபோது... எப்படிச் சொல்ல? யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

சிஸ்டர் கட்டில் பக்கத்தில் வந்து நின்றார். "தண்ணி எப்படி, சாரே?"

"கொஞ்சம்... ஜில்லுனு இருந்தது," என்றேன்.

திட்டம் போட்டுச் சொன்னேனா? இல்லை. ஆனால் வாய்தவறியும் சொல்லவில்லை. அடுத்த புதன்கிழமை கண் முன்னால் வந்தது. அது காலியாக இருந்தது. சொல்லிவிட்டேன்.

"ஜனவரியில வயசானவருக்குப் பச்சத்தண்ணியா?" சிஸ்டர் அவளை நிறுத்தி வைத்துவிட்டார்.

 அஞ்சலை மணிக்கட்டை மறுபடி தண்ணீரில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

எனக்குப் புதன்கிழமைகள் கிடைத்தன. அவள் வந்தாள், புரட்டினாள், துடைத்தாள், நாடி பார்த்தாள்.  கை கிடைத்தது... பேச்சு போயிற்று.

மற்ற நாட்களில் காலையில் மாடி வீட்டுப் பின்கட்டில் பாத்திரச் சத்தம். டில்லியில் ஜனவரிக் குழாய்த் தண்ணீரில் கை வைத்திருக்கிறீர்களா? எலும்பு வரை போகும். இல்லாத ஜில்லிப்பைச் சொல்லி அவளை உண்மையான ஜில்லிப்பில் இறக்கிவிட்டிருந்தேன். சத்தம் கேட்காமலிருக்க ரேடியோவை உரக்க வைத்தேன். வேறென்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை.

ஒரு புதன்கிழமை அவள் என் கையைத் துடைக்கும்போது ஏதோ சுரண்டியது. துணி என்று நினைத்தேன். துணி இல்லை — அவள் விரல். நுனியெல்லாம் வெடித்து, பாத்திரம் தேய்க்கும் சாம்பல் ஏறிக் கறுத்திருந்தது.

அங்கேயே எழுந்து உட்கார்ந்தேன். சிஸ்டரைக் கூப்பிட்டேன். "அன்னிக்குத் தண்ணி சூடாத்தான் இருந்தது. நான் பொய் சொன்னேன்."

சிஸ்டர் கட்டிலருகே வந்தார். "பேஷண்ட் பொய் சொல்லுவார்னு நான் பாடம் எடுக்கலையே, சாரே," என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அஞ்சலையிடம் திரும்பினேன். "உனக்குத் தெரியுமில்லையா? அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா? நீங்க பேஷண்ட். நான் யாரு?" துணியைப் பிழிந்தாள். "அம்மா கேட்டுச்சு, கெழவனுக்கு நீ என்னடி பண்ணேன்னு. ஒண்ணும் பண்ணல, நல்லாப் பாத்துக்கிட்டேன், அதான் விடமாட்டேங்கறாருன்னு சொன்னேன்."

அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. மன்னித்தாளா என்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை.

மறுவாரமே தேறிவிட்டாள். அத்தோடு வகுப்பு வேறு காலனிக்குப் போய்விட்டது. ஆனால் அந்த வகுப்புக்கென்று வைத்திருந்த வேலைகள் எப்போதோ நிரம்பியிருந்தன. இடம் காலியாகும்வரை காத்திரு என்றார்களாம். வெயில் காலம் வரைக்கும் மாடியில் பாத்திரச் சத்தம் நிற்கவில்லை. ரேடியோவை மட்டும் நிறுத்திவிட்டேன். கேட்கட்டும் என்று.

என் மாதிரிக் கிழவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தனிமை நம்மைப் பரிதாபமானவர்களாக ஆக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். திருடனாகவும் ஆக்கும்.

போன வாரத்துக்கு வருகிறேன். என் முழங்கையில் ஈரத்துணி. வெள்ளைப் புடவையில் அஞ்சலை. விரல்கள் ஆறிவிட்டன.

"தண்ணி எப்படி இருக்கு தாத்தா?"

"சரியா இருக்கும்மா."

"நெஜமா?"

"நெஜமா."

துடைத்து முடித்து, மணிக்கட்டைப் பிடித்தாள். கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். அந்தப் பழைய தீர்ப்புக்காக ஜுரத்தோடு காத்திருந்தேன். அவள் எண்ணி முடித்து, கட்டில் தலைமாட்டு அட்டையில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டாள்.

அடுத்த கட்டிலில் ஒரு சர்தார்ஜி. அவரிடமும் அதே கேள்வி, அதே குரலில், ஹிந்தியில்.

அவர் சொன்ன பதில் காதில் விழவில்லை. உண்மையைத்தான் சொல்லியிருப்பார்.