மேளம் அடிக்காத ஏழு நாள்

தானியேலுக்குக் கணக்கென்றால் உயிர். வாணியம்பாடியில் சாவுப் பதிவேடு எழுதும் குமாஸ்தா அவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டில் வந்த விஷக்காய்ச்சல் அந்த ஏட்டில் நாளுக்கு நாலு பக்கம் தின்றது. தோல் பதனிடும் ஷாப்பில் ஆட்கள் நெருக்கியடித்து வேலை செய்வார்கள் என்பதால் முதலாளி லியாகத் அலி சாயபு அதை மூடிவிட்டார். "ஷாப்புத் தெருவுல ஏழு நாள் சாவே இல்லன்னு எழுதிக் குடுய்யா, மறுநாளே தொறக்கறேன்" என்று தானியேலிடம் சொல்லியிருந்தார்.

ஷாப்பு ஆட்கள் குடியிருந்த அந்தத் தெருவோ பட்டினி. அங்கே குடியிருந்த கோவிந்தம்மாள் தினமும் வழிமறிப்பாள். "எப்பய்யா தொறப்பாங்க? எங்க ஊட்டுக்காரரு சும்மா குந்திக்கினு இருக்காரு." தானியேல் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுவார்.

பிறகு பார்த்தால், அதிசயம்! சாவு சட்டென்று நின்றுபோனது. "ஷாப்புத் தெருவுல ஒண்ணுமில்லீங்க" என்று சாவுச் சேதி கொண்டுவரும் தலையாரி தினமும் வந்து சொன்னான். ஏழு நாள் அப்படியே போயிற்று. சாயபுவிடம் சீட்டு எழுதிக் கொடுத்த மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. சில நாளாக வழியில் தென்படாத கோவிந்தம்மாளின் வாசலுக்கு நேரே போனார்.

"நாளைக்குத் தொறக்கறாங்கம்மா! உன் ஊட்டுக்காரரை அனுப்பு."

அவள் வெறித்துப் பார்த்தாள். "அவரு போயி மூணு நாளாச்சுங்க."

"ஐயோ! யாரும் வந்து சொல்லலையே!"

"மேளம் கேட்டாத்தானே தலையாரி வருவாரு? சீக்காளிங்க பயப்படறாங்க, சாவு மேளம் வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னவர் அவரேதான். நல்லதுக்கென்றுதான் சொன்னார், பாவி மனுஷன்! மேளச் சத்தத்தை வைத்துத்தான் தலையாரி சாவை எண்ணுகிறான் என்பது, இத்தனை வருஷம் ஏடு எழுதியவருக்கு உறைக்கவே இல்லை.

பாலாற்றங்கரையில் அந்தத் தெருவுக்கான இடுகாட்டுக்கு ஓடினார். ஈரம் காயாத மேடுகள் பதினொன்று இருந்தன. எண்ணிவிட்டுச் சாயபுவிடம் போய் நின்றார்.

"தப்பு என்னுதுங்க. அந்தச் சீட்டைக் கிழிச்சுடுங்க."

"சுண்ணாம்புத் தொட்டியில தோலு அழுகுதுய்யா. ஆளுங்களுக்கும் சொல்லி அனுப்பிட்டேன். விஷயம் மேல போனா உன் வேலை போய்டும், தெரியுமில்ல?"

"போவட்டுங்க. பதினோரு மேடு. என் கண்ணால எண்ணிட்டு வர்றேன்."

 சாயபு சீட்டைக் கிழித்துப் போட்டார். "இனிமே வீடு வீடா போய் எண்ணு" என்றார்.

ஏட்டை எடுத்துக்கொண்டு தானியேல் மறுபடியும் கோவிந்தம்மாள் வாசலில் நின்றார். ஷாப்பு திறக்காது என்றார். அவள் திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அவள் திட்டவில்லை.

"செத்தவர் பேரும்மா?"

கட்டிய நாள் முதல் புருஷன் பேரை வாயால் சொன்னவள் இல்லை அவள். எடுத்துச் சொல்ல ஆள் இருக்குமா என்று பக்கத்து வீட்டைப் பார்த்தாள். அது பூட்டிக் கிடந்தது.

"சுப்பராயன்" என்றாள். அவர் எழுதி முடிக்கும்வரை பார்த்திருந்து, இன்னொரு தடவையும் சொன்னாள். "சுப்பராயன்."