பனிக்கட்டி தின்ற கச்சான்

திருகோணமலையில் பிறந்தவனுக்குக் கச்சான் காற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மேற்கே காய்ந்த காட்டையும் வயலையும் தாண்டிச் சுடச்சுட வரும். ஆனால் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் எங்கள் கரையோரக் கடல் அப்போது தாம்பாளம் மாதிரிப் படுத்திருக்கும். இந்த அறிவைத்தான் நான் உலகத்தின் தென்கோடி வரைக்கும் கொண்டு போனேன். அது என் கூட்டாளி ரவூபை அங்கேயே விட்டுவிட்டு வரப் பார்த்தது. கப்பலுக்குப் போகிற பிள்ளைகள் கவனமாக வாசிக்கவும்.

1. தீவு

நான் படித்தது ஐந்தாம் வகுப்புவரை. குச்சவெளியில் கரைவலை இழுத்து, துறைமுகத்தில் மூட்டை சுமந்து, கப்பலேறிப் போசன் ஆனவன். போசன் என்றால் டெக் வேலைக்காரர் எல்லோருக்கும் தலைவன். சிபாரிசுக்கு ஒருவரும் இல்லை. என் கைதான் சிபாரிசு. கிண்ணியா ரவூப் அதே கப்பலில் மாலுமி.

அந்தமுறை எங்களுக்குக் கிடைத்த வேலை, ஆளில்லாத ஒரு சின்னத் தீவில் வானிலைக் கருவி நடுவது. தென் துருவக் கண்டத்துக்குக் கொஞ்சம் இப்பால். அங்கே அது கோடைகாலமாம். குசினி அடுப்பிலிருந்து தேத்தண்ணியை டெக்குக்குக் கொண்டுவர முன்னமே ஆறிவிடும். ஒரே காலைக்குள் வெயில், மழை, பனித்தூறல், மூடுபனி எல்லாம் வந்து போகும். மரம் என்று பேருக்கும் ஒன்றில்லை. பாறையில் பாசி, கரையில் கட்டைப் புல், கறுப்பு மணல், அதில் பென்குயின் கூட்டம். நடுவில் அவிந்துபோன எரிமலை. அதன் தலை எப்போதும் முகிலுக்குள். முகிலுக்குக் கீழே பனிக்கட்டி கரைவரைக்கும் வழிந்து நின்றது.

மேற்குக் காற்று ஓயவே இல்லை. மேற்குக் கரையில் அலை பாறைமேல் ஏறி விழுந்தது. கிழக்குப் பக்கம் சுற்றி வந்தால் கடல் படுத்திருந்தது. கரையோரமே ஆழம் என்பதால் கப்பலைக் கிட்டக் கொண்டுபோய் நங்கூரம் போட்டோம்.

"போசன், போட் இறக்கலாமோ?" என்று கப்டன் கேட்டார்.

"ஓம் சேர். இது எங்கட ஊர்க் கச்சான்தான். பயமில்லை."

"இவர் கச்சானைச் சாரத்து மடியில முடிஞ்சு வச்சிருக்கிறார் சேர்," என்றான் ரவூப்.

2. கயிறு

முதல் நடையில் ரவூபையும் கருவி பூட்டுகிற இரண்டு பேரையும் ரப்பர் போட்டில் கொண்டுபோய் இறக்கினேன். திரும்பும்போது மிதக்கிற கயிற்றின் நுனியை ரவூபிடம் கொடுத்து, மிச்சத்தை விட்டுக்கொண்டே வந்து மறுநுனியைக் கப்பலில் கட்டினேன். கரைவலைக்காரன் அப்படித்தான். ஒரு நுனியைக் கரையில் கொடுக்காமல் தோணியைத் தள்ளமாட்டான்.

சீஃப் ஒஃபிசர் சிரித்தார். "என்ன போசன், மீன் பிடிக்கப் போறீரோ?"

"பழக்கம் சேர். விட ஏலாது."

அடுத்த நடைக்குச் சாமான் ஏற்றும்போது மலையில் ஓர் இரைச்சல் கேட்டது. அலை இல்லை, மழை இல்லை. பனிமேல் கிடந்து குளிர்ந்து கனத்த காற்று, சரிவில் உருண்டு எங்கள் தலையில் விழுந்தது. மலைக்கு மறைவு என்று நான் நம்பிய இடத்தில்தான் அது விழுந்தது. கடல் தண்ணீரைப் புகை மாதிரிக் கிளப்பியது. நங்கூரம் இழுபட்டது.

"கப்பலை வெளியே எடுக்கவேணும். காத்து அடங்கினாப் பிறகு வருவம்," என்றார் கப்டன்.

அங்கே காற்று அடங்க நாட்கள் ஆகும். கரையில் நின்ற மூன்று பேரிடமும் கூடாரம் இல்லை, சாப்பாடு இல்லை. எல்லாம் என் காலடியில் கிடந்தது.

"ஒரு தரம் போய் அவங்களை ஏத்திக்கொண்டு வாறன் சேர். கயிறு கிடக்குது."

"எஞ்சினில கப்பலைப் பிடிச்சு வைக்கிறன். கயிறு இழுபட்டு விறைச்சால் வெட்டுவன். விளங்குதோ?"

"விளங்குது."

இரண்டு மாலுமிகளோடு போட்டில் இறங்கினேன். காற்றுக்கு எதிரே போட் எஞ்சின் வெறுமனே அழுதது. கயிற்றைப் பிடித்துக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்தோம். கையுறையில் தெறித்த தண்ணீர் உறைந்தது. ரவூப் கயிற்றைப் பெரிய கல்லில் சுற்றிக் கட்டிவிட்டு, அதன்மேல் உட்கார்ந்து அம்பா பாடத் தொடங்கினான். கரைவலை இழுக்கிறவர்களுக்குத் தாளம் கொடுக்கிற பாட்டு அது. காற்று எங்கள் பக்கம் வீசியதால் ஒவ்வோர் அடியும் துலக்கமாகக் கேட்டது. அந்தத் தாளத்துக்கு இழுத்தோம், கரை வந்தது.

மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு திரும்புவதற்கு எஞ்சினே தேவைப்படவில்லை. காற்றே தள்ளியது. கயிறு கைக்குள் இருந்ததால்தான் கப்பலைத் தவறவிட்டுத் திறந்த கடலுக்குப் போகாமல் நேரே வந்து முட்டினோம். ஏறியதும் கப்டன் கயிற்றை வெட்டச் சொன்னார்.

ரவூபின் தாடி வெள்ளையாகிவிட்டது. "கச்சான் எண்டியேடா மச்சான்."

"கச்சான்தான். பனிக்கட்டி திண்டுபோட்டு வந்த கச்சான்."

3. பாடம்

கருவியைப் பிறகு வேறோர் இடத்தில் நட்டோம். அதற்குப் பிறகு அந்தக் கப்பலில் கரையில் நுனி கொடுக்காமல் ஒரு போட்டும் போனதில்லை. அது என்னுடைய சட்டம், பெருமையாகவே சொல்கிறேன்.

பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது பாதிக் கதை. எதன்மேல் நடந்து வருகிறது என்பது மீதிக் கதை. வயல்மேல் நடந்தால் சுடும். பனிமேல் நடந்தால் விழும்.

ரவூப் இப்போதும் கச்சான் தொடங்கினால் கிண்ணியாவிலிருந்து போன் எடுப்பான். "மச்சான், காத்து எப்பிடி?"

"நல்ல காத்து," என்பேன். "ஆனால் கயிறு கட்டிப்போட்டுப் போ."